மண்டையை அளந்தார், மனத்தை அளந்தாரா?

சேலம் நகரை விட்டு வடக்கே திரும்பினால் சேர்வராயன் மலை. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. ஏரியைக் காண வருவோர் ஒருபுறம். காப்பிக்கொட்டை வாங்க வருவோர் ஒருபுறம். மே மாதத்தில் சேர்வராயன் கோவில் விழாவுக்கு வருவோர் மற்றொருபுறம். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாமும் பலமுறை ஏறியிருக்கிறோம். ஆனால் நூற்றிருபது ஆண்டுகளுக்கும் முன்னர் இம்மலைக்கு வந்த ஒருவர், ஏரி காண வரவில்லை, காப்பி வாங்க வரவில்லை, கும்பிடவும் வரவில்லை. மனிதர்களை அளக்க வந்தார்!

ஆம் தோழர்களே, அளக்கத்தான்! நிலத்தை அளப்பார் உண்டு, நெல்லை அளப்பார் உண்டு, மனிதனையுமா அளப்பர் என்று கேட்கிறீர்களா? தலையின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, மூக்கின் உயரம் என்ன, நாசித் துளைகளின் விரிவு என்ன, தோளின் அகலம் என்ன என்று அளந்து, அதைக் கொண்டு அவன் யார், எத்தகையவன், எந்தப் படியில் நிற்கத் தக்கவன் என்று கூறிவிட முடியும் என நம்பிய காலம் அது. நம்பியவர்கள் பாமரர் அல்லர். பட்டம் பெற்றவர்கள், பதவி வகித்தவர்கள், மேலை நாட்டு விஞ்ஞானத்தின் பெயரால் பேசியவர்கள்.

வந்தவர் பெயர் எட்கர் தர்ஸ்டன். 1855இல் பிறந்த ஆங்கிலேயர். இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் கற்றவர். 1885 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். கே. இரங்காச்சாரியின் துணையோடு 1909இல் அவர் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகள் கொண்டது. இன்றும் ஆய்வாளர் மேசையை விட்டு அகலாதது. இவையெல்லாம் பலர் அறிந்த செய்திகள். பலர் கவனியாத செய்தி ஒன்று உண்டு. சென்னைக்கு வருமுன் அவர் இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்து மனநோயர் விடுதியில் மருத்துவ அலுவலராக இருந்தவர். பித்தர் என்று உலகம் ஒதுக்கியவர்களிடையே பணியாற்றிய கைதான், பின்னர் நம் மக்களின் தலையில் அளவுக் கருவியை வைத்தது. இந்தச் செய்தியை வாசகர் மனத்தில் முடிந்துகொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

சேர்வராயன் மலை மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாரை எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்வோர் என்ற பொருளில் அமைந்த பெயர் அது. பேசுவது தமிழ், கவுண்டர் என்பது பட்டம். காஞ்சிபுரத்தை விட்டுப் புறப்பட்ட மூன்று உடன்பிறந்தாருள் மூத்தவர் இம்மலையில் தங்க, இளையவர் இருவரும் வேறு மலைகளுக்குச் சென்றனர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சமவெளியினின்று மலையேறிய தமிழ் மக்களே இவர்கள் என்று தர்ஸ்டனும் எழுதினார். இவர்களைப் பற்றிய அவர் அளவுக் குறிப்புகள் 1899இல் அருங்காட்சியக வெளியீடாக வந்தன.

அளக்க வந்தவரைக் கண்டதும் மலை மக்கள் என்ன எண்ணினர்? அவரே பதிந்து வைத்திருக்கிறார். தங்கள் நிலத்தை அரசாங்கத்துக்காகப் பறித்துக்கொண்டு, தங்களை அந்தமான் தண்டனைத் தீவுக்கு அனுப்பவே இந்தத் துரை வந்திருக்கிறார் என்று எண்ணி அஞ்சினார்களாம். நீலகிரியில் வேறொரு நிகழ்ச்சி. பழைய வழக்கொன்றில் தேடப்பட்டுவந்த இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கோலைத் தூக்குமரம் என்று சொல்லி அருகே வர மறுத்துவிட்டார். வயநாட்டுப் பணியர் பெண்களோ, தங்களுள் நல்ல வடிவினரைப் பிடித்துப் பாடம் செய்து சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவார் என்று பயந்து ஓடினர். அப்படிச் செய்ய மட்டும் முடிந்திருந்தால் மனிதக் காட்சிப் பொருள் தேடும் தொல்லை தீர்ந்திருக்குமே என்று அதையும் வேடிக்கையாக எழுதினார் தர்ஸ்டன். படிப்பவர்க்குச் சிரிப்பு வரும். நமக்கும் முதலில் வந்தது, பிறகு அடங்கிவிட்டது.

ஏன் அடங்கியது? எண்ணிப் பாருங்கள். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் காப்பிச் செடி இம்மலைக்கு வந்தது. செடியைத் தொடர்ந்து தோட்டம் வந்தது. தோட்டத்தைத் தொடர்ந்து துரைமார் வந்தனர். துரைமாரைத் தொடர்ந்து அளவுச் சங்கிலி வந்தது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. நேற்று வரை விறகு பொறுக்கிய காடு இன்று அரசாங்கக் காடு ஆயிற்று. அந்தமானிலோ 1858 முதலே தண்டனைக் குடியிருப்பு இருந்தது. அளவு நாடாவுடன் வந்த வெள்ளையர் எவரும் அம்மக்களுக்கு எதையும் கொடுத்துவிட்டுப் போனதில்லை. அப்படியிருக்க, இந்த நாடாவும் நிலத்தைத்தான் பறிக்கப் போகிறது என்று கருதியது மூடத்தனமா? கண்டதைக் கொண்டு காணாததை உய்த்தறியும் முறையல்லவா அது? "என் நிலத்தைப் பறித்துக்கொண்டு என்னைத் தீவுக்கு நாடு கடத்தச் சதி நடக்கிறது" என்று கெண்ட் விடுதியில் ஒரு நோயாளி கூறியிருந்தால், அது பித்தத்தின் அடையாளம் என்று குறிப்பேட்டில் ஏறியிருக்கும். ஏற்காட்டில் ஒரு குடியானவர் அதையே கூறினார்; அது வரலாற்றறிவு. சொல் ஒன்றுதான். சொன்னவனுடைய வாழ்வை அறியாமல் அது நோயா அறிவா என்று எவரும் கூற முடியாது. மண்டையின் நீள அகலம் அதைக் கூறுமா?

அந்த நீள அகலக் கணக்கு என்ன என்பதையும் பார்த்துவிடுவோம். தலையின் அகலத்தை நூறால் பெருக்கி நீளத்தால் வகுத்தால் தலை அளவெண். அகலம் 14 சென்டிமீட்டர், நீளம் 18 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 78. மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி உயரத்தால் வகுத்தால் மூக்கு அளவெண். இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான் 1901 குடிக்கணக்கின் ஆணையரான ஹெர்பர்ட் ரிஸ்லி ஒரு "சட்டம்" கண்டார். மூக்கு அகல அகலச் சாதி தாழும். மூக்கு ஒடுங்க ஒடுங்கச் சாதி உயரும்! மனு எழுதியதை மில்லிமீட்டரில் எழுதிக்காட்டினார், அவ்வளவே. இந்தச் சட்டம் பொருந்தாத இடங்கள் எத்தனை என்பதை 1932இல் ஜி. எஸ். குர்யே எடுத்துக்காட்டினார். அதற்கு முன்பே, அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகளை அளந்த பிரான்ஸ் போவாஸ், பெற்றோர் தலைவடிவம் பிள்ளைகளிடம் மாறுகிறது என்று 1911 அறிக்கையில் கூறிவிட்டார். ஊர் மாறினால், உணவு மாறினால் மாறும் எண்ணைப் பிறவியின் முத்திரை என்று எப்படிக் கொள்வது?

சாதியை மூக்கில் தேடிய அதே காலத்தில், குற்றத்தைத் தாடையில் தேடினார் இத்தாலியின் லொம்புரோசோ. 1876இல் வெளிவந்த அவர் நூல், குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளியின் உடலோடு பிறக்கிறான் என்றது. சாதியும் குற்றமும் அளக்கப்பட்டாயிற்று. பித்தம் மட்டும் தப்புமா?

1921இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்து மனநல மருத்துவர் எர்ன்ஸ்ட் கிரெச்மர், 'உடலமைப்பும் குணமும்' என்ற நூலை வெளியிட்டார். ஒரே நாளில் புகழ் பெற்ற நூல் என்றே சொல்லலாம். மனிதரை அவர் உடலால் பிரித்தார்: மெலிந்து நீண்டவர், தசை திரண்டவர், உருண்டு கொழுத்தவர், இவற்றில் அடங்காத கோணல் அமைப்பினர். மெலிந்தவர்க்கு வருவது மனச்சிதைவு. கொழுத்தவர்க்கு வருவது, மகிழ்ச்சி வெறியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய். இதுதான் அவர் கண்ட முடிவு. சான்று கேட்டால் எண்களைக் காட்டினார். மனச்சிதைவு நோயாளிகள் 175 பேர். அவர்களில் மெலிந்தவர் 81, கொழுத்தவர் 2. மற்ற நோயாளிகள் 85 பேர். அவர்களில் கொழுத்தவர் 58, மெலிந்தவர் 4.

இந்த எண்களைக் கண்டால் யாரும் மயங்குவர். 81க்கு 2 என்றால் மறுப்பதெப்படி? ஆனால் பகுத்தறிவாளன் எண்ணைக் கண்டதும் வணங்கமாட்டான். எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பான். முதற் கேள்வி, வயது என்ன? மனச்சிதைவு பெரும்பாலும் இளமையில் தொடங்குவது. மற்றது முதிர்ந்த வயதிலும் மிகுதியாகக் காணப்படுவது. இருபதில் மெலிந்திருப்பவன் ஐம்பதில் தொந்தி வளர்ப்பது உலக இயல்பு. அப்படியானால் கிரெச்மர் அளந்தது நோயையா, வயதையா? இரண்டாவது கேள்வி, அளந்தவர் யார்? இவனுக்கு இன்ன நோய் என்று சொன்னவரும் அவரே. இவன் உடல் இன்ன வகை என்று சொன்னவரும் அவரே. நாடாவைவிடப் பயிற்சி பெற்ற கண்ணே முதன்மை என்று கருதியவர் அவர். கண் எதைத் தேடுகிறதோ அதையே காணும். மூன்றாவது, நோயில்லாதவர் கணக்கு எங்கே? அந்த ஊர்த் தெருவில் நடந்துபோகும் நலமான இளைஞர்களில் மெலிந்தவர் எத்தனை பேர் என்று தெரியாமல் 81 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை.

இவற்றையெல்லாம் பின்வந்தோர் கேட்டனர். கண்ணை நம்பாது கணக்கை நம்புவோம் என்று 1945இல் இங்கிலாந்தில் ரீஸ், ஐசெங்க் என்ற இருவர் ஓர் உடல் அளவெண் அமைத்தனர். உயரத்தை நூறால் பெருக்கி, மார்பின் குறுக்களவின் ஆறு மடங்கால் வகுக்க வேண்டும். 170 சென்டிமீட்டர் உயரமும் 28 சென்டிமீட்டர் மார்புக் குறுக்களவும் உடையவர்க்கு 101 வரும். எண் ஏறினால் மெலிவு, இறங்கினால் பருமன். நேர்மையான முயற்சிதான். ஆனால் வயதைச் சமன் செய்து பார்க்கப் பார்க்க, 81க்கு 2 என்ற அந்தப் பெருமலை தேய்ந்து சிறு மேடாயிற்று.

ஆனால் கணக்கைச் சரிபார்க்கும் வரை காத்திருக்காதோர் இருந்தனர். 1933 ஜூலை 14இல் இட்லர் அரசு ஒரு சட்டம் இயற்றியது. பரம்பரை நோயுடையோர் என்று தாம் கருதியவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை. பட்டியலில் மனச்சிதைவும் இருந்தது. சுமார் 4 இலட்சம் பேர் அறுவை மேசையில் கிடத்தப்பட்டனர். 1940, 41ஆம் ஆண்டுகளில் அடுத்த படி: மனநோய் விடுதிகளிலிருந்து பேருந்துகளில் ஏற்றிச் சென்று, நச்சு வாயு அறையில் 70,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். அத்தகைய இடங்களுள் ஒன்றான கிராஃபனெக், கிரெச்மர் புகழ்பெற்ற அதே தென்மேற்கு ஜெர்மனியில்தான் இருந்தது. கிரெச்மர் 1933இல் மருத்துவச் சங்கத் தலைமையைத் துறந்தவர். ஆனால் அதே ஆண்டு இட்லருக்கு உறுதிமொழி கூறிய பேராசிரியர் பட்டியலில் அவர் பெயரும் உண்டு. அவர் நூலினால்தான் கொலை நடந்தது என்று நாம் கூறவில்லை; அது வரலாற்றுக்கு நேர்மையாகாது. மனிதனை வகை பிரித்து முத்திரை குத்தும் பழக்கம் எங்கே ஊறியிருந்ததோ அங்கே அச்சட்டம் எளிதில் வேர் பிடித்தது என்று மட்டும் கூறுகிறோம்.

மேலை நாட்டார் மட்டுமா இப்படி? நம் வீட்டுத் திண்ணையில் சாமுத்திரிகா இலட்சணம் இல்லையா? நெற்றி அகன்றால் இப்படி, காது நீண்டால் அப்படி, கால் விரல் நீண்ட பெண்ணானால் வீட்டுக்காகாது என்று எத்தனை பெண்களின் வாழ்வை முடக்கியிருக்கிறது! மருந்து அதிகாரம் எழுதிய வள்ளுவர் நோயையும் நோயின் காரணத்தையும் ஆராயச் சொன்னார். நெற்றியின் அகலத்தை ஆராயச் சொல்லவில்லை. அவர் வழி வந்தவர் என்று பெருமை பேசும் நாமோ பஞ்சாங்கத்தோடு போனோம். கிரெச்மர் கையில் கிடைத்ததும் அதை விஞ்ஞானம் என்று கொண்டாடினோம்.

'நாம்' என்றது மேடை வழக்கிற்காக அன்று. ஆசிரியப் பயிற்சியில் உளவியல் தாளுக்கு நாமும் இதைப் படித்தோம். மெலிந்தவன் தனிமை விரும்பி, கொழுத்தவன் கலகலப்பானவன். ஐந்து மதிப்பெண் வினா. ஐந்தும் பெற்றோம். அது தவறென்று எவரும் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. மேல்நிலை வகுப்பில் இரண்டு மாணவர். ஒருவன் ஒல்லி, உயரம், யாரோடும் ஒட்டமாட்டான், உணவு இடைவேளையில் வேப்பமரத்தடியில் ஒற்றையாய் அமர்ந்திருப்பான். மற்றவன் உருண்டை உடல். வாய் ஓயாத சிரிப்பு. பள்ளி நாடகத்தில் அவன் இல்லாமல் காட்சி இல்லை. முன்னவனைப் பற்றி ஆசிரியர் அறையில் கவலை தெரிவித்தோம். அவன் உடல்வாகே சரியில்லை, ஏதோ வரப்போகிறது என்றோம். பெற்றோரை அழைத்து அதை அவர்களிடமும் ஜாடையாகச் சொன்னோம். அந்தத் தாய் அழுதுகொண்டே படியிறங்கினார். பையனுக்கு ஒன்றுமில்லை. கூச்சம், அவ்வளவுதான். இன்று அவன் பொறியியல் படிக்கிறான்.

பின்னவன் சிரிப்பதை நிறுத்தினான். கடைசி வரிசைக்குப் போனான். வீட்டுப்பாடம் நின்றது. சுவரைப் பார்த்து முணுமுணுத்தான். நாம் சோம்பல் என்றோம். நாடகப் புகழ் தலைக்கேறியது என்றோம். இந்த உடலுக்கு அந்த நோய் வராது என்று பாடநூல் சொன்னதல்லவா? தன்னைப் பற்றி யாரோ ஓயாமல் பேசுவது காதில் கேட்கிறது என்று அவன் தன் அக்காளிடம் சொல்ல, அக்காள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற பிறகுதான் நோயின் பெயர் தெரிந்தது. இடையில் போனவை எட்டு மாதங்கள். இந்த நோயில் மருத்துவம் தொடங்காமல் கழியும் நாள் கூடக்கூட மீள்வது கடினமாகிறது என்பதை மருத்துவர் பின்னர் விளக்கினார். எட்டு மாதம்! கோவிலுக்கோ பூசாரியிடமோ போய் இழந்ததல்ல. நம்முடைய ஐந்து மதிப்பெண் விஞ்ஞானத்தால் இழந்தது.

இன்றைய ஆய்வு உடலளவை அறவே தள்ளிவிட்டதா? இல்லை, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கருவில் மூளையும் முகமும் ஒருங்கே உருவாகின்றன. ஆகவே மனச்சிதைவு உடையவர்களைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால், அண்ணம் உயர்ந்து வளைந்திருப்பது போன்ற சின்னஞ்சிறு வேறுபாடுகள் மற்றவரினும் சற்று மிகுதியாகக் காணப்படுகின்றன. டப்ளின் நகர ஆய்வாளர்கள் முகத்தை ஒளிக்கதிரால் அளந்தும் பார்த்திருக்கின்றனர். 1944-45 பஞ்சக் குளிரில் நெதர்லாந்தில் கருவான குழந்தைகளிடையே பின்னாளில் இந்நோய் ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டதும் தெரிந்ததே. தாயின் பட்டினி பிள்ளையின் மனத்திலும் எழுதுகிறது. இவை நோயின் பிறப்பிடத்தைத் தேட உதவும் குறிப்புகள். ஒருவனை நிறுத்தி, இவன் நோயாளி என்று கூற உதவுமா?

கணக்குப் போடுவோம். உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர்க்கு மனச்சிதைவு. 30,000 பேர் வாழும் ஒரு பேரூர் என்றால் நோயாளிகள் 100 பேர். ஓர் உடற்குறி, நோயாளிகளில் நூற்றுக்கு 30 பேரிடமும் மற்றவரில் நூற்றுக்கு 10 பேரிடமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம், வாதத்துக்காகத்தான். குறி உள்ள நோயாளிகள் 30. குறி உள்ள நலமானவர்கள், 29,900இல் நூற்றுக்கு 10 வீதம், 2,990. குறியை நம்பி 3,020 பேரைப் பிடித்தால், நூற்றுவரில் ஒருவர்தான் நோயாளி. 99 பேர் மேல் வீண் பழி. பிடிபடாமல் நழுவும் உண்மை நோயாளிகளோ 70 பேர். மும்மடங்கு வேறுபாடுள்ள குறிக்கே இந்தக் கதி! ஆகவேதான் இன்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பகுப்பு நூலில், மனச்சிதைவைத் தெரிவு செய்யும் விதிகளுள் எந்த உடலளவும் இல்லை. மருத்துவர் அமர்ந்து கேட்கிறார், நோயாளி பேசுகிறான், வீட்டார் சொல்கின்றனர், எத்தனை நாளாக, எவ்வாறு தொடங்கியது, வாழ்வு எப்படி மாறியது என்று அறிகிறார். 1984இல் சென்னையில் டாக்டர் சாரதா மேனன் தோற்றுவித்த ஸ்கார்ஃப் நிறுவனம் வளர்ந்ததும் இவ்வழியில்தான். 1981-82இல் முதன்முறை நோயுற்று வந்த 90 பேரைச் சென்னை மருத்துவர்கள் இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அளந்தது மண்டையை அன்று. வேலைக்குப் போகிறாரா, குடும்பத்தோடு வாழ்கிறாரா, நோய் திரும்பியதா என்று ஆண்டுதோறும் கேட்டனர்.

நாடா மட்டும் மருத்துவமனையை விட்டுப் போகவில்லை. வேறு வேலைக்கு வந்திருக்கிறது. 1952இல் பாரிசில் குளோர்ப்ரோமசின் பயன்பாட்டுக்கு வந்த நாள் முதல் மருந்துகள் பெருகின. அவற்றுள் சில, குரல்களை அடக்கும்; பசியைக் கிளப்பும். உடல் பெருக்கும், நீரிழிவும் இதய நோயும் உடன் வரும். அதனால் மருந்துண்பவரின் இடுப்பைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும் என்பது இன்றைய நடைமுறை. நம் நாட்டு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டர், பெண்டிர்க்கு 80. அதைத் தாண்டினால் உணவை மாற்று, நடக்கச் சொல், மருந்தை மாற்றலாமா என்று பார்.

அந்த மாணவன் இப்போது மாதந்தோறும் அரசு மருத்துவமனைக்குச் செல்கிறான். காலையில் அச்சகத்தில் வேலை; மாலையில் தொலைநிலைக் கல்வி. சென்ற மாதம் நாமும் உடன் சென்றோம். செவிலியர் நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றினார். எத்தனை என்று அவனே எட்டிப் பார்த்தான்.

"எண்பத்தெட்டு ஐயா! போன முறை தொண்ணூற்றொன்று" என்றான், பழைய சிரிப்பில் பாதி வந்திருந்தது.